கொதிக்கும் கிராபிக்ஸ் கார்டு: வெளியிலிருந்து உள்ளே

விளையாட்டின் நடுவே படம் திணறுகிறது, கார்டின் ஃபேன்கள் இரைகின்றன, திரை மூலையில் 86, 88 என்று எண் ஏறுகிறது. உடனே கார்டைக் கழற்றிப் பேஸ்ட் மாற்றிவிட வேண்டும் என்று தோன்றும். கடையில் கேட்டாலும் பெரும்பாலும் அதே பதில்தான்: "மக்களே, பேஸ்ட் காஞ்சு போச்சு. மாத்துனா சரியாவும்." சில கார்டுகளுக்கு அது சரியான வைத்தியம். ஆனால் நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளை வரை, கேரள-தமிழக எல்லையின் இரு பக்கத்து ஊர்களிலும், கார்டின் ஒரு திருகைக்கூடத் தொடாமல் தணிக்கக்கூடிய சூடுதான் மிகுதி. ஆகவே இந்த அத்தியாயம் வெளியிலிருந்து உள்ளே போகிறது. முதலில் அறை, அடுத்து கேபினெட், பிறகு மென்பொருள் அமைப்பு, அதன்பின் தூசி. இவ்வளவும் பார்த்த பிறகும் தணியாவிட்டால் மட்டும் கார்டின் உட்புறம். உள்ளே போகப் போகச் செலவும் கூடும், கெடுத்துவிடும் வாய்ப்பும் கூடும். எந்தப் படியில் சரியாகிறதோ அங்கேயே நின்றுவிடுங்கள்.

எந்த எண்ணைப் பார்ப்பது

யூடியூபில் ஒருவர் உங்களிடம் உள்ள அதே கார்டை 72 டிகிரியில் ஓட்டிக் காட்டுகிறார். உங்கள் வீட்டில் 81 வருகிறது. கார்டில் கோளாறு என்று முடிவு கட்ட வேண்டாம். அவர் சோதிக்கும் அறை பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரிக்குள் இருக்கும். காற்றால் குளிரும் கார்டு, தான் இழுக்கும் காற்றைவிட இத்தனை டிகிரி மேலே என்ற கணக்கில்தான் நிற்கும். 24 டிகிரி அறையில் 72 என்றால் காற்றுக்கு மேல் 48. பங்குனி, சித்திரை மதியத்தில் நம் அறை 33 டிகிரி என்றால், அதே கார்டு அதே விளையாட்டில் அதே ஃபேன் வேகத்தில் 33 கூட்டல் 48, அதாவது 81 காட்டித்தான் ஆக வேண்டும்.

அதனால் முதல் செலவாக ஒரு சிறிய டிஜிட்டல் வெப்பமானி வாங்குங்கள். ஈரப்பதமும் காட்டுவதாக இருந்தால் இன்னும் நல்லது. அதைச் சுவரில் மாட்டாமல், கேபினெட் காற்றை உள்ளே இழுக்கும் முன்பக்கத்தில் வையுங்கள். கணினியில் ஜிபியு-இசட், ஹெச்டபிள்யூஇன்ஃபோ ஆகிய இரண்டில் ஒன்றை நிறுவுங்கள். இரண்டுமே இலவசம். இருபது நிமிடம் விளையாடிய பிறகு கார்டின் எண்ணிலிருந்து அறையின் எண்ணைக் கழியுங்கள். இந்த அத்தியாயத்தில் அதை 'ஏற்றம்' என்று குறிப்பிடுகிறேன். செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வெறும் கார்டு எண்ணை மட்டும் பார்த்தால், மழை பெய்த மாலையில் செய்த எந்த வேலையும் வெற்றியாகத் தெரியும்.

கார்டு மூன்று எண்களைக் காட்டலாம். ஒன்று சில்லின் பொதுச் சூடு. இரண்டாவது ஹாட் ஸ்பாட், அதாவது அதே சில்லில் மிக அதிகமாகக் கொதிக்கும் புள்ளி. மூன்றாவது நினைவகத்தின் சூடு, இது எல்லாக் கார்டிலும் கிடைக்காது. என்விடியா தன் ஆர்டிஎக்ஸ் 3060க்கு 93 டிகிரியையும் 4060க்கு 90 டிகிரியையும் உச்ச வரம்பாகக் குறித்திருக்கிறது. பல கார்டுகள் அதற்கும் முன்னதாக, 83 டிகிரி அருகிலேயே, வேகத்தைக் குறைத்துத் தங்களைக் காத்துக்கொள்ளத் தொடங்கும். படம் திணறுவது பெரும்பாலும் அந்தத் தற்காப்புதான். ஏஎம்டியின் கார்டுகளில் ஹாட் ஸ்பாட் 110 வரை போவது வடிவமைப்புக்கு உட்பட்டதே என்று 2019இல் ஆர்எக்ஸ் 5700 வரிசை வந்தபோது அந்நிறுவனமே சொன்னது. ஆர்டிஎக்ஸ் 3080, 3090இல் உள்ள ஜிடிடிஆர்6எக்ஸ் நினைவகமும் 110இல்தான் வேகத்தைக் குறைக்கும்.

என் கணக்கு இது: கோடை மதியத்தில் பொதுச் சூடு 82க்குள், ஹாட் ஸ்பாட் 100க்குள், நினைவகம் 100க்குள் நின்றால் நம் ஊர் வெயிலுக்கு அந்தக் கார்டு நலமாக இருக்கிறது. அதைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

எல்லாக் கோளாறும் சூட்டால் வருவதல்ல. விளையாட்டின் நடுவே கணினி பட்டென்று அணைந்து, அப்போது கார்டு 70இல் இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகியுங்கள். மாலை நேரத்தில் மின்னழுத்தம் இறங்கும் வீடுகளிலும், சிறிய யுபிஎஸ் மாட்டிய வீடுகளிலும் இப்படி நடக்கும். 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் தாங்கும்; பெரிய கார்டு உள்ள கணினிக்கு அது போதாது. கருகிய நாற்றம் வந்தால் மின் இணைப்பான்களைப் பாருங்கள். 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090இன் புதிய வகை இணைப்பான்கள் உருகிய செய்திகள் வந்தன. இணைப்பானை முழுக்க உள்ளே அழுத்திச் செருகாததும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

அறை

ஒரு கணினி விளையாட்டின்போது 350 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 350 வாட்டும் கடைசியில் சூடாகி அறைக்குள்தான் வரும். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள அறையின் காற்று ஏறக்குறைய 33 கிலோ. காற்றை மட்டும் கணக்கிட்டால், கதவும் சன்னலும் அடைத்த அந்த அறையில் சுமார் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏற வேண்டும். சுவரும் தரையும் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்வதால் அவ்வளவு வேகமாக ஏறுவதில்லை. ஆனாலும் கொசுவுக்காக மாலை ஆறு மணிக்கே எல்லாச் சன்னலையும் அடைத்துவிட்டு விளையாட உட்காரும் பையனின் அறையில் ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதை வெப்பமானி காட்டிவிடும். அறை ஏறிய அளவுக்குக் கார்டும் ஏறும்.

சன்னலுக்குக் கொசுவலை அடித்துத் திறந்து வைப்பதுதான் இந்த வட்டாரத்தில் ஒரு கார்டுக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த காரியம் என்று நினைக்கிறேன். எதிர்ப்பக்கத்துச் சுவரின் மேல்பகுதியில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் சூடான காற்று தேங்காமல் வெளியேறும். சீலிங் ஃபேன் இதற்கு ஈடாகாது. வெயில் குடித்த கான்கிரீட் தளத்துக்குக் கீழே உள்ள மாடி அறையில் சீலிங் ஃபேன், மேலே தேங்கிய சூட்டைத்தான் கீழே தள்ளுகிறது.

மாடி அறையா, கீழறையா என்ற தேர்வு இருந்தால் கீழறைதான். பழைய ஓட்டு வீட்டில் ஓட்டின் இடைவெளி வழியே சூடு வெளியேறிவிடும், தூசி மட்டும் சற்று அதிகம். கான்கிரீட் மாடிக்கு மேல் இரும்புக் கூடும் தகடும் போட்ட வீடுகள் இப்போது நிறைய. மழைக்காகப் போட்டதுதான் என்றாலும், தளத்தின் மேல் நேர் வெயில் விழாததால் கீழுள்ள அறைக்கும் அது உதவுகிறது. அதுவும் இல்லாத மாடி அறையில் மேற்குச் சுவரை ஒட்டிக் கணினியை வைக்காதீர்கள். மாலை நான்கு மணி வெயிலைக் குடித்த சுவர் இரவு பத்து மணி வரை அதைத் திருப்பித் தந்துகொண்டே இருக்கும்.

ஏசி இருந்தால் வேலை சுலபம். ஒரு டன் ஏசி சுமார் 3.5 கிலோவாட் சூட்டை வெளியேற்றும். 350 வாட் கணினி அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் எடுக்கும். ஆனால் 25, 26 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். மழைக்காலத்தில் வெளிக்காற்றின் ஈரம் 24 டிகிரி அளவுக்குக் குளிர்ந்த பரப்பிலேயே நீராகப் படிந்துவிடும். அறையை 20 டிகிரியில் வைத்துவிட்டு, கணினியையும் ஏசியையும் அணைத்த கையோடு சன்னலைத் திறந்தால் குளிர்ந்த ஹீட் சிங்க் மேல் வியர்க்கும்.

கேபினெட்

கணினி மேசையோடு வரும் கதவு வைத்த அறைக்குள் கேபினெட்டைத் தள்ளி வைப்பது பலர் செய்வது. அங்கிருந்து அதை இன்றே வெளியே எடுங்கள். தரையில் வைக்காமல் ஒரு சிறு ஸ்டூல் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். இதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

அடுத்தது ஒரு சோதனை. பக்கவாட்டுப் பலகையைக் கழற்றி வைத்து, அதே விளையாட்டை இருபது நிமிடம் ஓட்டுங்கள். ஏற்றம் ஐந்தாறு டிகிரியோ அதற்கு மேலோ குறைந்தால் குற்றம் கேபினெட்டின் காற்றோட்டத்தில் இருக்கிறது, கார்டில் இல்லை. ஓரிரு டிகிரிதான் குறைகிறது என்றால் கேபினெட் நன்றாகவே வேலை செய்கிறது. அடுத்த பகுதிக்குப் போகலாம். காசு கொடுத்து எதையும் வாங்கும் முன் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். பலகையை நிரந்தரமாகத் திறந்தே வைப்பது மட்டும் வேண்டாம். தூசி சேரும், எறும்பு ஏறும், வெதுவெதுப்பைத் தேடிப் பல்லி வரும். சர்க்யூட் போர்டின் மேல் ஓடும் பல்லி தானும் செத்து, போர்டையும் கெடுத்துவிடும்.

கேபினெட் குற்றவாளி என்று தெரிந்தால் முன்பக்கத்தைப் பாருங்கள். வண்ண விளக்கும் முன்கண்ணாடியும் வைத்த பெட்டிகள்தான் கடையில் கண்ணை இழுக்கும். முன்னால் முழுக் கண்ணாடி இருந்தால் காற்று ஓரத்துச் சிறு இடுக்கு வழியேதான் நுழைய வேண்டும். வலை போட்ட முன்பக்கமே நம் ஊருக்கு ஏற்றது. முன்னால் இரண்டு ஃபேன் காற்றை உள்ளே இழுக்க வேண்டும், பின்னால் ஒன்று வெளியே தள்ள வேண்டும். எல்லா ஃபேனும் உள்ளேயே இழுக்கும்படியோ வெளியேயே தள்ளும்படியோ மாட்டி விற்ற பெட்டிகளும் உண்டு. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு ஃபேனுக்கு அருகிலும் பிடித்தால் புகை போகும் திசை தெரிந்துவிடும். உள்ளே வருவது வெளியே போவதைவிடச் சற்று மிகுதியாக இருந்தால், வடிகட்டி இல்லாத இடுக்குகள் வழியே தூசி நுழைவது குறையும். வடிகட்டி இல்லாத பெட்டிக்குக் கொசுவலைத் துணியை வெட்டி முன்னால் கட்டலாம். ஏற்றம் ஓரிரு டிகிரி கூடும், ஆனால் அதை வாரந்தோறும் கழற்றி அலச முடியும்.

அமைப்பு

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். எந்தக் கருவியும் இல்லாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே மிகப் பெரிய பலன் தருவது இதுதான்.

கார்டு இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் சூடு. ஜிடிஎக்ஸ் 1650 75 வாட், ஆர்டிஎக்ஸ் 4060 115 வாட், 3060 170 வாட், 3080 320 வாட், 2025 தொடக்கத்தில் வந்த 5090 575 வாட். இந்த எண்கள் நிறுவனங்கள் அறிவித்தவை. நிறுவனம் ஒவ்வொரு சில்லுக்கும் தேவைக்குச் சற்று மேலான மின்னழுத்தத்தையே வைத்து அனுப்புகிறது. ஒரே தொகுப்பில் வரும் சில்லுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை, பலவீனமானதும் நிலையாக ஓட வேண்டும். உங்கள் கையில் உள்ள சில்லு அதைவிடக் குறைவான மின்னழுத்தத்திலேயே அதே வேகத்தில் ஓடக்கூடும். சில்லு செலவிடும் மின்திறனின் பெரும்பகுதி மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகிறது. 1.05 வோல்ட்டை 0.90க்கு இறக்கினால் அந்தப் பகுதி ஏறக்குறைய கால்பங்கு குறையும், வேகம் அப்படியே இருக்கும்.

எளிய வழி பவர் லிமிட். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் எந்த நிறுவனத்தின் கார்டிலும் வேலை செய்யும். அதில் பவர் லிமிட் என்ற கோலை 100இலிருந்து 80க்கு இழுத்து, சரி குறியை அழுத்துங்கள். பிரேம் எண்ணிக்கை மிகக் கொஞ்சமே குறையும். பலருக்குக் கண்ணுக்கே தெரியாது. முதல் வாரம் இதோடு நிறுத்துங்கள். இன்னும் தேவைப்பட்டால் கண்ட்ரோலையும் எஃப்பையும் சேர்த்து அழுத்தி மின்னழுத்தக் கோட்டைத் திறவுங்கள். உங்கள் கார்டு விளையாட்டின்போது வழக்கமாக ஓடும் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 900 மில்லிவோல்ட் புள்ளியை அந்த வேகத்துக்கு உயர்த்தி, அதற்கு வலப்பக்கத்துப் புள்ளிகள் அதற்கு மேல் போகாதபடி சமமாக்கிச் சேமியுங்கள். விளையாட்டு நின்றுபோனால் 925க்கு ஏற்றுங்கள். இப்படி நின்றுபோவதால் கார்டு கெடாது. மறுபடி தொடங்கி ஒரு படி ஏற்றினால் போதும். ஏஎம்டி கார்டு என்றால் அட்ரினலின் மென்பொருளிலேயே மின்னழுத்தத்தைத் தானாகக் குறைக்கும் வசதி இருக்கிறது.

320 வாட் கார்டை 240க்கு இறக்கினால் 80 வாட் மிச்சம். நாளுக்கு நாலு மணி நேரம் விளையாடும் வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 19 யூனிட். எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் பில் போடுகிறது. கணினியைக் குறை சொல்லும் அப்பாவிடம் காட்ட இது நல்ல எண்.

அடுத்தது பிரேம் வரம்பு. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் வாலரண்ட் 300 பிரேம் ஓடினாலும் திரை நொடிக்கு 60 முறைதான் புதுப்பிக்கும். போட்டி ஆட்டக்காரர்கள் தாமதம் குறைய அதிக பிரேமை விரும்புவது நியாயம். வெறும் மெனுத் திரைக்கும் ஜிடிஏ 5இல் ஊர் சுற்றுவதற்கும் அது வேண்டியதில்லை. 2010இல் ஸ்டார்கிராஃப்ட் 2 வெளியானபோது, வரையக் கொஞ்சமே உள்ள மெனுத் திரைகளில் வரம்பில்லாமல் பிரேம் ஓடி, காற்றோட்டம் சரியில்லாத கார்டுகள் கொதித்தன. வரம்பு வைக்கும் வழியைப் பிளிசார்ட் நிறுவனமே வெளியிட வேண்டி வந்தது. 2021 ஜூலையில் நியூ வேர்ல்ட் விளையாட்டின் முன்னோட்டப் பதிப்பில் சில ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் செத்தே போயின. இவிஜிஏ நிறுவனம் தன் கார்டுகளில் சிலவற்றின் பற்றவைப்பு சரியில்லை என்று பிறகு சொன்னது. அமேசான் மெனுவுக்குப் பிரேம் வரம்பு வைத்தது. என்விடியாவின் கண்ட்ரோல் பேனலில் 2020 ஜனவரியிலிருந்து உச்ச பிரேம் அமைப்பு இருக்கிறது. மானிட்டரின் எண்ணையே அங்கே கொடுங்கள்.

ஃபேனின் வேகக் கோட்டையும் கவனியுங்கள். புதிய கார்டுகள் பலவும் 50, 60 டிகிரிக்குக் கீழே ஃபேனை முழுதாக நிறுத்திவிடும். குளிர்நாட்டில் அது அமைதி தரும். 33 டிகிரி அறையில், சும்மா இருக்கும்போதே 55இல் நிற்கும் கார்டுக்கு ஃபேன் நின்று நின்று ஓடுவதைவிட 30 சதவீதத்தில் எப்போதும் ஓடுவது நல்லது. 75 டிகிரிக்கு 70 சதவீதம், 80க்கு மேல் 85 சதவீதம் வைத்துப் பாருங்கள். சத்தம் தாங்கவில்லை என்றால் மின்னழுத்தத்தை இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். டிரைவரை மாற்றிய மறுநாள் திடீரென்று சூடு ஏறினால் பழைய டிரைவருக்குத் திரும்புங்கள். 2010 மார்ச்சில் என்விடியாவின் 196.75 டிரைவர் ஃபேன் கட்டுப்பாட்டைக் கெடுத்ததால் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது.

தூசி, புகை, உப்பு

நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் எல்லாத் தூசியும் ஒன்றல்ல. வீடு இருக்கும் இடத்தைப் பொறுத்துச் சுத்தம் செய்யும் முறை மாறும்.

வெள்ளறடை, காரக்கோணம் பக்கம் ரப்பர் உள்ள இடங்களில், ஷீட் உலர்த்தும் புகைப்புரைக்கு அருகிலுள்ள வீட்டுக்கு விறகுப் புகை வருகிறது. அதில் உள்ள பிசுபிசுப்பு ஹீட் சிங்கின் தகடுகளில் படிந்து, அதன்மேல் செம்மண் தூசி ஒட்டிக்கொள்ளும். விறகடுப்புக்கு அடுத்த அறையிலும் இதே நிலைதான். ஊதினால் இது போகாது. மென்மையான பிரஷ்ஷும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் வேண்டும். பாலராமபுரத்தின் சாலியர் தெருக்களில் தறி ஓடும் வீடுகளில் பஞ்சிழை காற்றில் மிதக்கிறது; அது ஹீட் சிங்கின் நுழைவாயில் கம்பளிபோல் படலமாக அடையும். பார்க்கப் பயமாக இருந்தாலும் சுலபமாக உரிந்து வரும். மாதம் ஒரு முறை எடுத்துவிட்டால் போதும்.

கடினமானது கடற்கரை. பூவார், பொழியூர், குளத்தூர்ப் பக்கம் காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அலுமினியத் தகடுகளில் வெள்ளைப் பொடி பூப்பது அதன் அடையாளம். அரித்த தகட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது, மேலும் அரிக்காமல் தடுக்கலாம். கடலைப் பார்த்த சன்னலருகே கணினியை வைக்காதீர்கள். இடவப்பாதி, துலா ஆகிய பருவமழைகளின்போது கணினியை வாரக்கணக்கில் அணைத்துப் போடாதீர்கள். தினமும் ஓடும் கணினி தன் சூட்டாலேயே உள்ளே உலர்வாக இருக்கும். தேர்வுக்காக விளையாட்டை நிறுத்தி வைத்த மாதங்களிலும் வாரம் இரண்டு மூன்று முறை ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். பெற்றோரிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

ஊதுவதற்கு எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் கைப் புளோயர் போதும். கணினியை அணைத்து, சாக்கெட் சுவிட்சையும் அணைத்து, பவர் பட்டனை ஒரு முறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடிய விடுங்கள். கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முற்றத்தில் வைத்து, ஒரு சாண் தள்ளி ஊதுங்கள். கார்டின் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டே ஊத வேண்டும். புளோயர் காற்றில் அது தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெடும்; சுழலும் மோட்டார் திருப்பி மின்சாரமும் உண்டாக்கும். வாக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் குழாயில் நிலைமின்சாரம் சேரும், அதை உள்ளே நுழைக்காதீர்கள்.

கார்டைத் திறப்பது

திறக்க வேண்டுமா என்பதை ஹாட் ஸ்பாட் சொல்லும். பொதுச் சூட்டுக்கும் ஹாட் ஸ்பாட்டுக்கும் இடையே 10 முதல் 20 டிகிரி வரை இடைவெளி இருப்பது இயல்பு. 25, 30 என்று விரிந்திருந்தால் பேஸ்ட் சில்லின் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிதுங்கிவிட்டது, அல்லது ஹீட் சிங்க் சரியாக அமரவில்லை என்று பொருள். ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் என்விடியா ஹாட் ஸ்பாட் அளவைக் காட்டுவதை நிறுத்திவிட்டது; அங்கே ஏற்றத்தை நம்பித்தான் முடிவெடுக்க வேண்டும். முதல் மாதம் எழுதி வைத்த நோட்டு இங்கேதான் கைகொடுக்கும்.

வாரண்டி உள்ள கார்டைத் திறக்காதீர்கள். திருகின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், அதைக் கிழித்தபின் வாரண்டி தர மறுக்கலாம்.

தேவையானவை: நல்ல முனையுள்ள சிறு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பேஸ்ட், காது துடைக்கும் பஞ்சுக் குச்சி, 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால். மருந்துக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் 70 சதவீதம், மீதி தண்ணீர். செல்போன் ரிப்பேர் கடையில் கேட்டால் 99 கிடைக்கும். கை கழுவும் சானிடைசர் கூடவே கூடாது, அதில் உள்ள கிளிசரின் படலமாக நின்றுவிடும்.

திறக்கும் முன் பத்து நிமிடம் விளையாட்டை ஓட்டிக் கார்டைச் சூடாக்குங்கள், பேஸ்ட் இளகியிருக்கும். கார்டைக் கழற்றிக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுற்றியுள்ள நான்கு ஸ்பிரிங் திருகுகளை எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஹீட் சிங்க் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் மேலே இழுக்க வேண்டாம். இடமும் வலமுமாக மெல்லத் திருகினால் விடும். ஃபேனின் மின் இணைப்பு உள்ளே மெல்லிய ஒயராக இருக்கும், அதைக் கழற்றிவிட்டுத்தான் முழுதாகப் பிரிக்க வேண்டும். இந்த ஒயர்தான் வீட்டு ரிப்பேரில் அதிகம் அறுவது. பிரித்தவுடன் தெர்மல் பேட்கள் எங்கெங்கே இருந்தன என்று படம் எடுங்கள். நினைவகச் சில்லுகளின் மேல் உள்ள பேட் கிழியாமல் எண்ணெய் கசியாமல் இருந்தால் அதை மாற்றாதீர்கள். மாற்றினால் அதே தடிமனில்தான் மாற்ற வேண்டும். 1 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1.5 வைத்தால் ஹீட் சிங்க் சில்லின் மேல் அமராது. புதிய பேஸ்ட்டோடு முன்பைவிட அதிகமாகக் கொதிக்கும். ரிப்பேருக்குப் போய் மோசமாகித் திரும்பும் கார்டுகளில் நான் முதலில் பார்ப்பது பேட்டின் தடிமனைத்தான்.

கிராபிக்ஸ் சில்லுக்கு மேல் மூடி கிடையாது, கண்ணாடிபோல் பளபளக்கும் சிலிக்கன் நேராகத் தெரியும். ஆகவே நடுவில் ஒரு பொட்டு பேஸ்ட் வைத்து விட்டுவிடாமல் நான்கு ஓரமும் மறையும்படி மெல்லப் பரப்புங்கள். சூடும் ஆறுதலும் மாறி மாறி வரும்போது நீர்த்த பேஸ்ட் ஓரத்துக்குப் பிதுங்கும். கெட்டியான பேஸ்ட் நல்லது. ஹனிவெல்லின் பிடிஎம்7950 என்ற தாளை நான் அதைவிட விரும்புகிறேன். 45 டிகிரி அளவில் இளகிப் பரவி, பிறகு பிதுங்காமல் நிற்கும். போலி நிறைய வருகிறது, நம்பகமான இடத்தில் வாங்குங்கள்.

கார்டை ஓவனில் வைத்துச் சுடுவது, ஹீட் கன்னால் காய்ச்சுவது ஆகிய இரண்டையும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். சில்லுக்கு அடியில் உள்ள பற்றவைப்பு விரிசல் விட்ட கார்டுகள் அப்படிக் காய்ச்சினால் சில வாரம் உயிர் பெறும், பிறகு சாகும். லேப்டாப் சில்லுகளில் அத்தகைய பலவீனம் இருந்ததற்காக 2008 ஜூலையில் என்விடியா 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்க வேண்டி வந்தது. வீட்டு அடுப்பில் சரியாகும் கோளாறு அல்ல அது. கார்டிலிருந்து எழும் புகை சமைக்கும் அடுப்பிலும் தங்கும்.

திறந்தும் தணியாதபோது

எல்லாம் சரியாகச் செய்தும் இடைவெளி குறையாத கார்டுகள் உண்டு. 2022 டிசம்பரில் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸின் ஒரு தொகுப்பில், ஹீட் சிங்க்கின் அடிப்பகுதியில் உள்ள ஆவி அறையில் போதிய நீர் இல்லை. கார்டைப் படுக்கை வசத்தில் மாட்டினால் ஹாட் ஸ்பாட் 110ஐத் தொட்டது. மறுமாதம் ஏஎம்டி குறையை ஏற்று, மாற்றித் தர முன்வந்தது. எந்தப் பேஸ்ட்டும் அதைச் சரிசெய்திருக்காது. உங்கள் கார்டு சுவருக்கு இணையாக நிற்கும்போது ஒரு எண்ணும் படுத்திருக்கும்போது வேறு எண்ணும் காட்டினால் இதையே சந்தேகியுங்கள். பில்லும் சீரியல் எண்ணும் எடுத்துக்கொண்டு, அந்த நிறுவனத்தின் சேவை மையம் திருவனந்தபுரத்திலா நாகர்கோவிலிலா எங்கே இருக்கிறது என்று அதன் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நோட்டில் எழுதிய எண்களையும் கொண்டுபோங்கள். அறை 31, கார்டு 84, ஹாட் ஸ்பாட் 110 என்று எழுத்தில் இருந்தால் மறுமுனையில் இருப்பவர் வாதிட இடம் குறைவு.

பழைய கார்டு வாங்க நினைப்போருக்கும் இதே எண்கள்தான் துணை. 2022 செப்டம்பர் 15இல் எத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் முறை மாறி, கார்டு வைத்து அதைத் தோண்டும் தொழில் முடிந்தபோது, இரவும் பகலும் ஓடிய கார்டுகள் உலகெங்கும் சந்தைக்கு வந்தன. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் பாறசாலையில் ஒரு பையனிடம் வாங்கினாலும், பணம் கொடுக்கும் முன் யூனிஜின் ஹெவன் சோதனையை இருபது நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். ஃபர்மார்க் வேண்டாம், அது எந்த விளையாட்டும் தராத சுமையைக் கார்டின் மேல் ஏற்றும். அறைச் சூடு, பொதுச் சூடு, ஹாட் ஸ்பாட், ஃபேன் வேகம் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். ஃபேன் உரசும் சத்தம் வந்தால், அதன் நடுவில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரின் எண்ணை வைத்து மாற்று ஃபேன் வாங்கலாம். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். தகடுகளில் வெள்ளைப் பொடி தெரிந்தாலும், ஹாட் ஸ்பாட் இடைவெளி 30ஐத் தாண்டினாலும் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.